அந்த பீரோ சாவியைக் கொடுங்கள்

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களான பெற்றோர்களுக்கும், தலைமையாசிரியர் அவர்களுக்கும்,

போன மாதம் ஒரு புதன்கிழமை வழக்கம்போல மத்தியானம் 2 மணிக்குப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கப் பள்ளிக்கு வந்தேன். புத்தக பீரோவில் புதுப் பூட்டு தொங்கியது. சாவி தலைமையாசிரியர் மேசை டிராயரில் இருக்கிறது, ஆனால் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார்கள். ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் இருந்த நூலகப் பாடவேளை ரத்து. இனி அந்த நேரம் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுப் பயிற்சிக்காம்.

அந்தத் தேர்வின் அருமை எனக்குத் தெரியும். தேறிய பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருகிறது. தறிக்கும் கொலுசுப் பட்டறைக்கும் போகிற வீடுகளில் அது பெரிய பணம். ஆனால் அது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற தேர்வு. எட்டாம் வகுப்புத் தேர்வுக்காக ஆறாம் வகுப்பின் கதை நேரத்தை எடுத்தோம் என்றால் கணக்கு உதைக்கிறது.

காரணம் வேறு, நான் வாசித்த ஒரு கதை மேல் வந்த புகார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு முறை மனு எழுதிக் கொடுத்தேன். இரண்டுக்கும் பதில் இல்லை. அதனால்தான் இப்படி எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை, எந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் அடி விழுவது பிள்ளைகள் மேல்தான்.

நான் 27 வருடம் ஊர்ப்புற நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். 4 வருடத்துக்கு முன்னால் இதே குழு தீர்மானம் போட்டு, வாரம் ஒரு நாள் வந்து பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டச் சொன்னது. சம்பளம் கிடையாது, நானும் கேட்கவில்லை. பிள்ளைகள் என்னை 'புக்கு ஆயா' என்று கூப்பிடுவார்கள். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

முதல் வருடத்திலேயே ஒன்று கவனித்தேன். பிள்ளைகளிடம் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: கலாய்க்கிறது. தலைமுடிக்கு எண்ணெய் அதிகம் வைத்து வந்தவனை ஒரு நாள் சிரித்துவிட்டு விடுவதும் கலாய்க்கிறதுதான். ஒரு பெண்ணின் பையை மூன்று மாதமாகத் தினமும் கழிப்பறைப் பக்கம் வீசுவதும் கலாய்க்கிறதுதான். இரண்டுக்கும் ஒரே பேர் இருந்தால் இரண்டாவதில் மாட்டிய பிள்ளை எப்படி வாய் திறக்கும்? "என்னைக் கலாய்க்கிறாங்க மிஸ்" என்று வந்து சொன்னால், "அதுக்கென்னடா, நீயும் கலாய்" என்றுதான் பதில் வரும். வந்தும் இருக்கிறது. என் காதாலேயே கேட்டேன்.

நம் பள்ளிச் சுவரில் ஆத்திசூடி எழுதியிருக்கிறது. அதில் 'கோதாட்டு ஒழி' என்று ஒரு வரி உண்டு. குற்றமுள்ள விளையாட்டை விட்டுவிடு என்று பொருள். விளையாட்டிலேயே கெட்ட விளையாட்டு ஒன்று உண்டு என்பது ஔவைக்குத் தெரிந்திருக்கிறது. பெயின்ட் உதிர்ந்து இப்போது 'கோதா' மட்டும் தெரிகிறது. பிள்ளைகள் அதைக் குஸ்தி கோதா என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சரி, அதைப் பிடித்துக்கொண்டே பேசினோம். எது விளையாட்டு, எது கோதாட்டு? நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வியஸ் இதற்கு மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, திருப்பிக் கொடுக்க முடியாதவரிடம் செய்வது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதையே இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். "ரெண்டு பேரும் சிரிச்சா விளையாட்டு ஆயா. ஒருத்தர் மட்டும் சிரிச்சா இல்ல."

இப்போது நடந்ததற்கு வருகிறேன்.

ஏழாம் வகுப்பில் மலையிலிருந்து வந்த பையன் ஒருவன் இருக்கிறான். பெற்றோர் ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை. இவன் அடிவாரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கிறான். அவன் பேச்சு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். வந்த முதல் வாரமே அவனுக்குக் 'காட்டுமாடு' என்று பேர் வைத்துவிட்டார்கள். பேரோடு நிற்கவில்லை. அவன் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் பின் பெஞ்சிலிருந்து வாயை மூடியபடியே 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வரும். உதடு அசையாது, அதனால் யார் என்று ஆசிரியரால் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் தொடங்க, இருவர் சேர, அப்புறம் வகுப்பே சிரிக்கும். அவன் சத்துணவு வரிசையில் எப்போதும் கடைசியில் நிற்பான். முதலில் அவன் பசி தாங்குகிற பிள்ளை என்றுதான் நினைத்தேன். தனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பதற்காக நிற்கிறான் என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி. பெரியம்மா அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்.

வகுப்பாசிரியரிடம் சொன்னேன். "பசங்கன்னா அப்படித்தாங்க, பழகிட்டா சரியாயிடும்" என்றார். அவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. 40 பிள்ளைகளையும், அதற்கு மேல் பதிவேடுகளையும், ஆப் ஏற்றும் வேலையையும் வைத்துக்கொண்டு அவர் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பையன் பழகத்தான் செய்தான். பேசாமல் இருக்கப் பழகினான்.

நான் அவனைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்தின வருடம் ஒரு தப்பு செய்தேன். ஒரு கதை முடிந்ததும், கண் கலங்கியிருந்த ஒரு சிறுவனிடம் எல்லோர் முன்னாலும், "உனக்கும் இப்படி நடந்துச்சா கண்ணு?" என்று கேட்டுவிட்டேன். அன்போடு கேட்டதாகத்தான் நினைப்பு. அவன் மூன்று வாரம் நூலக வேளைக்கே வரவில்லை. கதைக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்திருந்த பிள்ளையைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறேன். கதையில் வரும் பிள்ளையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், கேட்கிற பிள்ளையைச் சுட்டக் கூடாது. அந்தப் பாடத்தை அப்போதுதான் கற்றேன்.

அதனால் ஒரு புத்தகம் செய்தேன். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, படம் வரைந்து, சாக்கு ஊசியால் தைத்தது. 16 பக்கம். பழைய இரும்புக் கடைக்காரர் மகள் ஒருத்தி வகுப்புக்குள் வரும்போதெல்லாம் இரண்டு பேர் ஸ்கேலால் பெஞ்சில் 'டங் டங்' என்று தட்டுவார்கள். இதுதான் கதை. மலை கிடையாது, மாடு கிடையாது. கடைசி நான்கு பக்கத்தை வெறுமையாக விட்டேன்.

ஒன்பதாம் பக்கத்தில் நிறுத்தி, படத்தைச் சுற்றிக் காட்டி, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணச் சொன்னேன். அந்தப் பெண் ஒன்று, தட்டுகிறவர்கள் இரண்டு, மீதி 11 பேர்.

"இந்த 11 பேரு என்ன பண்றாங்க?"

"சிரிக்கறாங்க ஆயா."

"சிரிப்பு வந்துச்சா அவங்களுக்கு?"

யாரும் பேசவில்லை. மேலே காற்றாடி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "வரலைன்னாலும் சிரிக்கணும். இல்லைன்னா அடுத்தது அவங்கதான்."

சொன்னது, 'ம்ம்ம்' சத்தத்தில் தினமும் இரண்டாவதாகச் சேர்கிற பையன்.

பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவாலி என்பவர் தன் குழுவோடு 1996-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இந்த மாதிரி நேரங்களில் வகுப்பில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வேடம் இருப்பதைக் காட்டியது. சீண்டுகிறவர், அவருக்கு எடுபிடி, சிரித்து உசுப்பேற்றுகிறவர், ஒதுங்கி நிற்கிறவர், காப்பாற்றப் போகிறவர் என்று. அந்த நாட்டின் 'கிவா' என்ற பள்ளித் திட்டம் இந்த வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளை மாற்றுவதில்தான் கவனம் வைக்கிறது. இதையெல்லாம் நான் பிற்பாடுதான் படித்தேன். அந்தப் பையன் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அன்றைக்குச் சொல்லிவிட்டான். ஒருவேளை அவனை நேராக நிறுத்தி, "நீ ஏன்டா சத்தம் போடற?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா? "நான் இல்ல மிஸ்" என்றிருப்பான். புத்தகத்தில் இருக்கும் 11 பேரைப் பற்றிக் கேட்டதால் உண்மை வந்தது.

அதற்குப் பின் இரண்டு வாரம் அந்த 11 பேரைப் பற்றியே பேசினோம். சிரிக்காமல் இருக்க முடியுமா? பக்கத்தில் போய் உட்கார முடியுமா? ஆசிரியரிடம் சொன்னால் அது கோள் சொல்வதா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரிய சண்டையே நடந்தது. ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொன்னால் கோள், ஒருவனைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னால் கோள் இல்லை என்று அவர்களே முடிவு கட்டினார்கள்.

அடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை காலை. அன்று நான் அங்கே இல்லை. பிள்ளைகள் சொன்னதையும், வகுப்பாசிரியர் ஒப்புக்கொண்டதையும் எழுதுகிறேன். மலைப் பையன் உள்ளே வந்தான். சத்தம் தொடங்கியது. இரண்டாவது குரல் சேரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி தன் பையை எடுத்துக்கொண்டு போய் அவன் பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்புறம் இரண்டு பையன்கள் போனார்கள். அவ்வளவுதான். யாரும் வசனம் பேசவில்லை, கை ஓங்கவில்லை. தனியாகச் சத்தம் போட்ட பையன் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டான்.

மறுவாரம் அவன் அப்பா பள்ளிக்கு வந்தார். கதை சொல்கிறேன் என்ற பேரில் தன் மகனை வில்லனாக்கி, மற்ற பிள்ளைகளை ஒதுக்கச் செய்துவிட்டதாகப் புகார். அவர் வருத்தம் பொய் என்று நான் சொல்லவில்லை. தனியாக உட்காருகிற பிள்ளை யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் பெற்றவருக்கு வலிக்கும். அந்தப் பையனும் என் வகுப்புப் பிள்ளைதான். அவன் பேரையோ ஊரையோ தொழிலையோ அந்தப் புத்தகத்தில் நான் தொடவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். வாசலோடு பேசி அனுப்பிவிட்டார். புத்தகத்தை வாங்கிப் பார்க்கவில்லை.

நீங்களும் பார்க்கவில்லை. என் வருத்தம் அதுதான். புகார் வந்தது, பூட்டு வந்தது. நடுவில் ஒருவர்கூட 16 பக்கம் புரட்டவில்லை. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மைக்கில் சொன்னார்களாம், "சின்ன விஷயத்தைப் பெரிசாக்காதீங்க, கோள் சொல்ற பழக்கத்தை விடுங்க" என்று. பிள்ளைகள் மூன்று வாரம் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த வித்தியாசத்தை ஒரே அறிவிப்பில் அழித்துவிட்டீர்கள். அதைவிட மோசம், அந்த முன் பெஞ்சுப் பெண்ணுக்கு நீங்கள் சொன்ன செய்தி: நீ எழுந்து போனது தப்பு.

புத்தகம் படித்தால் சீண்டல் நின்றுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 27 வருடம் நூலகத்தில் இருந்தவளுக்கு அவ்வளவு மூடநம்பிக்கை கிடையாது. நன்றாகப் படிக்கிற பிள்ளையே நன்றாகப் பட்டப்பேர் வைப்பதையும் பார்த்திருக்கிறேன். அதேபோல, 'எதிர்த்து நில்' என்று மாட்டிக்கொண்ட பிள்ளையிடம் மட்டும் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. திருப்பிக் கொடுக்க முடியாது என்பதால்தானே அவனைத் தேர்ந்தெடுத்தார்கள்? வாசிப்பு ஒன்றே ஒன்று செய்கிறது. நடப்பது என்ன என்று பேச ஒரு சொல் கொடுக்கிறது, நான் என்று சொல்லாமலே பேச ஓர் இடம் கொடுக்கிறது. மீதி பெரியவர்கள் வேலை. பிள்ளை வாய் திறந்து சொன்ன பிறகு அதற்குக் காவல் நிற்க வேண்டியது நாம்.

நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்தவர்கள் தரும் தொல்லையைப் பள்ளியில் சொன்ன மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகுதான் அரசு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. இங்கே அப்படியா நடந்துவிட்டது என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் மலையிலிருந்து வந்தவன் என்பதற்காக வைத்த பேரைச் 'சின்ன விஷயம்' என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கல்லூரியில் நடந்தால் ராகிங் என்கிறோம், 1997-லேயே அதற்குத் தடைச் சட்டம் போட்ட மாநிலம் இது. ஏழாம் வகுப்பில் நடந்தால் மட்டும் விளையாட்டு.

பீரோ விஷயத்தில் சட்டமும் உங்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பத்திரிகை, கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட நூல்களோடு நூலகம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கதைப் புத்தகம் என்று தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். நம் பீரோவுக்குள் அரசே அனுப்பிய ஊஞ்சல், தேன்சிட்டு என்ற சிறுவர் இதழ்கள் அடுக்கி வைத்திருக்கிறது. வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற புத்தகங்களும் இருக்கின்றன. நுழை என்று பேர் வைத்த புத்தகத்தைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

நான் கேட்பது இவைதான்.

பூட்டை எடுங்கள். சாவி மேசை டிராயரில் வேண்டாம், வகுப்பாசிரியரிடம் இருக்கட்டும். அல்லது ஏழாம் வகுப்பின் நூலகப் பொறுப்பு மாணவியிடம் கொடுங்கள், முன்பு அவள்தான் வைத்திருந்தாள், ஒரு புத்தகமும் தொலையவில்லை. ஆறுக்கும் ஏழுக்கும் புதன்கிழமை நூலக வேளையைத் திரும்பக் கொடுங்கள். எட்டாம் வகுப்புப் பயிற்சிக்கு ஆள் தேவை என்றால் சாயங்காலம் நான் வருகிறேன்.

வழிபாட்டுக் கூட்டத்தில் சொன்ன அந்த வார்த்தையை அதே மைக்கில், அதே பிள்ளைகள் முன்னால் திரும்பப் பெறுங்கள். தொல்லையைப் பெரியவரிடம் சொல்வது கோள் அல்ல என்று தலைமையாசிரியர் வாயால் வர வேண்டும். பிள்ளைகள் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று ஓர் ஆசிரியரைக் குறிப்பிட்டு அறிவியுங்கள். சொன்னதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், என்ன செய்தோம் என்பதையும் எழுதுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி உதவி எண் 14417 இரண்டையும் சத்துணவுக் கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். அலுவலகச் சுவரில் எழுதினால் எந்தப் பிள்ளையும் நின்று படிக்காது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வையுங்கள். இந்தக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆக, பூட்டு போட்டதிலும் திறப்பதிலும் பெரும்பங்கு பெற்றோருடையது. புகார் கொடுத்த தந்தையையும் கூப்பிடுங்கள், என்னையும் கூப்பிடுங்கள். அந்த 16 பக்கத்தையும் அங்கே வாசிக்கிறேன், 10 நிமிடம் ஆகும். கேட்டுவிட்டு நான் வர வேண்டாம் என்று முடிவு செய்தால் சரி, வரவில்லை. வேறு யாராவது வாசிக்கட்டும், பாடவேளை மட்டும் போகக் கூடாது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சமரசம் என்று அந்த இரண்டு பையன்களையும் மேடையில் நிறுத்திக் கை குலுக்கச் சொல்லாதீர்கள். மலைப் பையனிடம் வாக்குமூலம் மாதிரி எழுதி வாங்காதீர்கள்.

கடைசியாக, பீரோவைப் பற்றி. அதன் பின்பக்கத் தகட்டில் துருப்பிடித்த ஓட்டை ஒன்று இருக்கிறது. மழை பெய்தால் ஜன்னல் வழியாகத் தண்ணீர் இறங்கி இரண்டாம் தட்டு நனையும். நான் வருகிற நாட்களில் துணி அடைத்துவிட்டுப் போவேன். காலண்டர் புத்தகம் அந்தத் தட்டில்தான் இடது ஓரமாக இருக்கிறது. நான் வெறுமையாக விட்ட நான்கு பக்கமும் இப்போது வெறுமையாக இல்லை, பிள்ளைகள் நிரப்பியிருக்கிறார்கள். பதினைந்தாம் பக்கத்தில், பெஞ்சில் தட்டுகிற பையன் வீட்டுக்குப் போகிறான். அவன் அண்ணன் அதே ஸ்கேலை வாங்கி அவன் தலையில் 'டங் டங்' என்று தட்டுகிறான். யார் வரைந்தது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். சாவியை என்னிடம் கொடுக்க இன்னும் நாளாகும் என்றால், நீங்களே திறந்து அந்தப் புத்தகத்தை மட்டும் மேல் தட்டுக்கு மாற்றி வையுங்கள். ஸ்கெட்ச் பேனாவில் வரைந்தது, தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஊர்ப்புற நூலகர்,
சேலம்